புக்கிட் கூடாவில் நின்ற ரயில்

1886ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு என்று விட்ட ரயில் கிள்ளான் ஊருக்குள் போய்ச் சேரவில்லை. கிள்ளான் ஆற்றின் வடகரையில், புக்கிட் கூடாவோடு தண்டவாளம் முடிந்துபோயிற்று. பாலம் கட்டி ரயில் அக்கரைக்குப் போக 1890 ஆனது. அந்த நான்கு ஆண்டுகளும் சிலாங்கூரின் ஈயமும் அரிசியும் ஆட்களும் புக்கிட் கூடாவில்தான் ஏறி இறங்கியிருக்க வேண்டும். இன்று கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஷா ஆலம், படாங் ஜாவா, புக்கிட் பாடாக், கிள்ளான் என்று ஒலிபெருக்கி பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருகிறது. புக்கிட் கூடா என்ற பெயர் அதில் வருவதில்லை. ஒரு சாலைக்கும் அதை ஒட்டிய குடியிருப்புக்கும் மட்டும் அந்தப் பெயர் மிஞ்சியிருக்கிறது. குதிரைக் குன்று என்று பொருள்.

நான் அந்தப் பெயரை மனத்தில் வைத்திருப்பதற்கு ரயில் மட்டும் காரணம் அன்று. 1944இல், ஜப்பானியர் ஆண்ட காலத்தில், அந்த மண்ணிலிருந்து ஒரு வெண்கல முரசு வெளியே வந்தது. வட வியட்நாமின் தோங் சோன் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் பழைய முரசு வகை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய உலகத்தின் பொருள். 1886 முதல் 1944 வரை கணக்கிட்டால் ஐம்பத்தெட்டு ஆண்டுகள். அத்தனை காலமும் ரயில் அந்த வட்டாரத்தில் ஓடியிருக்கிறது, மண்வெட்டி விழுந்திருக்கிறது, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார்கள். முரசு தன் இடத்தில் இருந்திருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கு என்றால் நாம் நெடுஞ்சாலையையும் நெரிசலையும் நினைக்கிறோம். அதற்குப் பழங்காலம் என்று ஒன்று உண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னால், 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா ஈயம் தேடி ஆற்றின்மேல் அனுப்பிய 87 சீனத் தொழிலாளரிடமிருந்து கதையைத் தொடங்குவார்கள். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு மாதத்துக்குள் அவர்களில் 69 பேர் காய்ச்சலில் மாண்டார்கள், மிஞ்சியவர் 18 பேர் என்பதும் அந்தக் கதையில் உண்டு. ஆனால் 1365இல் ஜாவாவின் மஜாபாகித் அரசவையில் இயற்றிய நாகரகிருதாகமம் என்ற காவியத்தில் கிள்ளானின் பெயர் இருக்கிறது. மலாக்காவின் பெயர்பெற்ற பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், துன் பேராக், அந்தப் பதவிக்குமுன் கிள்ளானின் தலைவராக இருந்தவர். அதற்கும் மிக முன்னால் முரசுகளின் காலம்.

கிடைத்தது அந்த ஒரு முரசு மட்டும் அன்று. 1964இல், பந்திங்குக்கு அருகே கம்போங் சுங்கை லாங் என்ற கம்பத்தில், மண்மேடு ஒன்றுக்குள் இரண்டு முரசுகள் கிடைத்தன. அடியில் ஒரு மரப்பலகை, கூடவே மணிகள். பலகையின் மரத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைக் காட்டியது. பலகையின் வயது முரசின் வயதாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒருவர் நல்ல மரம் பார்த்து, பலகை போட்டு, அதன்மேல் முரசை இறக்கி, மண் அள்ளி மூடியிருக்கிறார். கிள்ளானிலேயே கிடைத்த வெண்கல மணி ஒன்று இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கோயில் மணியைப் போல் வட்டமாக விரியாமல் உயரமாக, சற்றுத் தட்டையாக, உடல் முழுவதும் சுருள் கோடுகள் ஓடும் மணி. கம்போடியாவிலும் இதே சாயல் மணி கிடைத்திருக்கிறது.

அந்த முரசுகள் ஏன் இந்தக் கரைக்கு வந்தன? ஆய்வாளர் பலர் சொல்லும் விடை ஈயம், அதாவது வெள்ளீயம். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால்தான் வெண்கலம். செம்பு பல நாட்டில் கிடைக்கும். ஈயம் அப்படிக் கிடைக்காது. இந்தத் தீபகற்பத்தின் மேற்குக் கரை ஆறுகளில் அது மணலோடு மணலாகக் கிடந்தது. அரித்தெடுத்துக் கொடுத்தவர்களுக்குத் தூர நாட்டார் முரசு கொடுத்திருக்கலாம். அப்படியானால் ராஜா அப்துல்லாவின் 87 பேரும், முரசு கொண்டுவந்தவர்களும் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே பொருளைத் தேடி ஒரே ஆற்றில் துடுப்புப் போட்டவர்கள். இன்று அந்த ஆற்றின் முகத்துவாரத்துக்குக் கப்பல்கள் வருவது ஈயத்துக்காக மட்டும் அன்று. 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று திறந்து, 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம், 2023இல் 1.4 கோடிக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அதைத் தூக்குபவருக்குத் தெரியாது. முரசைத் தூக்கி வந்தவருக்குத் தெரிந்திருக்கும்.

முரசைவிட என்னை அதிகம் இழுப்பவை அதே நிலப்பகுதியில் கிடைத்த இரும்புக் கருவிகள். லைன்ஹன் என்ற ஆய்வாளர் 1951இல் கிள்ளான், தெம்பெலிங் வட்டாரங்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே வெண்கலத்தோடு இந்த இரும்பும் சேர்ந்து வருகிறது. கோடரி, அரிவாள், நீண்ட காம்புள்ள கத்தி என்று பலவகை. கைப்பிடி செருகும் துளையும் வளைவும் இன்றைய கருவிகளைப்போல் இல்லாமல் விநோதமாக இருக்கும். மண்ணைக் கிண்டும்போது இவற்றைக் கண்டெடுத்த கம்பத்து மக்களுக்கு இவை மனிதர் செய்தவை என்று தோன்றவில்லை. மாவாஸ் என்ற காட்டுக் குரங்குக்கு முன்கை இரும்பால் ஆனது, செத்த குரங்கின் எலும்புதான் இது என்றார்கள். துலாங் மாவாஸ், மாவாஸ் எலும்பு என்ற பெயரே நிலைத்துவிட்டது. அருங்காட்சியகச் சீட்டிலும் இன்று அந்தப் பெயர்தான்.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் ஏதோ தைத்தது. ஒருவன் காலை முதல் மாலைவரை கையில் பிடித்து உழைத்த கருவி, சில நூறு ஆண்டுகளில், யாருடையது என்றே தெரியாமல் விலங்கின் எலும்பாகிப்போகிறது.

என் அப்பாயி கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பால் வெட்டும் கத்தி எங்கள் வீட்டில் நெடுநாள் இருந்தது. பட்டையில் ஒரு நூல் அளவு மட்டும் சீவியெடுக்க வளைத்த நுனி. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், மேலோடு வெட்டினால் பால் வராது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மண்டோர் பெயர் கூப்பிட்டதும் நிரைக்குப் போய், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் முந்நூறு நானூறு மரம் வெட்டிவிட்டு, பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அதே மரங்களிடம் திரும்பி வரவேண்டும். என் மகளிடம் அந்தக் கத்தியைக் காட்டியபோது, இது பழம் சீவுவதா என்று கேட்டாள். இடையில் இரண்டு தலைமுறைதான்.

அதுபோன்ற தோட்டங்களின் மேல்தான் இன்று கொமுட்டர் ஓடுகிறது. பங்சார் என்ற பெயரே பங்ஜ், கிரிசார் என்ற இருவரின் நிறுவனத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது. பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா சீஃபீல்ட் தோட்டம். ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டம். லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆயாக் கொட்டகையும் கொண்ட ஊர்கள் அவை. லயம் என்ற வரிசைவீடு மரத்தாலும் தகரத்தாலும் ஆனது. உடைத்தபின் ஒரு மழைக்காலம் போதும். மாரியம்மன் கோயிலும் பள்ளியும் பல இடங்களில் தள்ளித் தள்ளி நகர்ந்து பிழைத்தன. அங்கே வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்ததும் உண்டு: குழாயில் தண்ணீர், பிள்ளைக்குப் பல்கலைக்கழகம், துரை வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டாத வாழ்க்கை. அப்பாயி இதை ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. லயத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னால் போகமாட்டேன் என்பார். ஆனால் லயம் இருந்த இடத்தைக் காட்டு என்றால் முகம் மாறிவிடும். காட்ட முடியாது என்பதால்.

நாங்கள் வளர்ந்தது தோட்டத்தில் அன்று, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில். அந்த ஊரின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. 1881 ஜனவரியில் கோலாலம்பூரைத் தீ தின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் கொண்டுபோனது. அத்தாப்பும் மரமும் மண்சுவருமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடுமாகத் திரும்பக் கட்டச் சொன்னார், 1882இல் ரெசிடெண்டாக வந்த ஸ்வெட்டன்ஹாம். கோலாலம்பூர்ச் சீனர்களின் தலைவர் யாப் ஆ லோய் ஆற்றோரக் களிமண்ணில் சூளை போட்டார். அந்தச் சூளைக்காடுதான் பிரிக்பீல்ட்ஸ். அடுத்த பதினைந்து ஆண்டுக்குள், 1894க்கும் 1897க்கும் இடையில், இன்று சுல்தான் அப்துல் சமாத் கட்டடம் என்று நாம் அழைக்கும் அலுவலகம் எழுந்தது. அதற்கு மட்டும் 40 இலட்சம் செங்கல் தேவைப்பட்டதாம். செங்கல் சுட்டவர்களின் சூளை ஒன்றுகூட மிஞ்சவில்லை. கட்டடம் அஞ்சல்தலையில் இருக்கிறது.

சூளைக்குப் பின் ரயில்வே வந்தது. பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டு, அதைச் சுற்றி வேலைக்காரர்களுக்கான குவாட்டர்ஸ். 1905இல் கட்டிய நூறு வீடுகள். நூறு குவாட்டர்ஸ் என்பதே பெயர். யாழ்ப்பாணத்தார் கிராணிகளாகவும், தமிழ்நாட்டார் கூலிகளாகவும் பாயிண்ட்ஸ்மேன்களாகவும் வந்து குடியேறிய ஊர். என் தாத்தா அந்த யார்டில் பாயிண்ட்ஸ்மேன். 1945 மார்ச் 10 அன்று நேச நாட்டு விமானங்கள் அந்த யார்டைக் குறிவைத்துக் குண்டு போட்டன. குண்டு அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்திலும் விழுந்து அதன் ஒரு சிறகு தரைமட்டமாயிற்று. புக்கிட் கூடாவில் முரசு மண்ணிலிருந்து எழுந்த அடுத்த ஆண்டே, பழம்பொருளைக் காக்க வேண்டிய இடம் மண்ணோடு மண்ணாகப் போயிற்று. அந்த இடத்தில்தான் 1963 ஆகஸ்ட் 31 அன்று தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். யார்டு இருந்த 72 ஏக்கரில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் திறந்தது. நூறு குவாட்டர்ஸ் சுமார் பத்தாண்டுக்கு முன்பு இடிபட்டது. இன்று சென்ட்ரலிலிருந்து அருங்காட்சியகத்துக்கு வெயிலும் மழையும் படாமல் நடைவழியில் போகலாம். தாத்தா காலத்தில் அந்தத் தூரம் முழுவதும் தண்டவாளம்.

சில மாதங்களுக்கு முன் அப்படி நடந்துபோய், தொல்காலக் கூடத்தில் தோங் சோன் முரசின்முன் நின்றேன். மேல்தட்டின் நடுவில் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். பச்சைப்பாசி நிறம் ஏறிய வெண்கலம். தட்டும் இடமான நட்சத்திரத்தைச் சுற்றி உலோகம் சற்று மழுங்கியிருப்பதாக எனக்குப்பட்டது. அது தட்டித் தட்டி மழுங்கியதா, மண் தின்றதா என்று கண்ணாடிக்கு இப்பாலிருந்து சொல்ல முடியாது. அதை வைத்திருந்தவர் தலைவராக இருக்கலாம். அவருக்குச் சோறு வடித்தவளின் பானை எங்கே? அத்தாப்புக் கூரை எங்கே? ஈயம் அரித்தவனின் மரத்தட்டு எங்கே? ஈரமண்ணும் கறையானும் மழையும் உள்ள நாட்டில் எளிய வாழ்க்கை தடம் விடுவதில்லை. வெண்கலம் நிற்கிறது, கல் நிற்கிறது, நன்றாகச் சுட்ட செங்கல் நிற்கிறது.

இதே மழை, இதே காடு, உலகத்தின் மறுபக்கத்தில் மாயர் வாழ்ந்த நாட்டிலும் உண்டு. மாயர் என்றதும் திக்காலின் படிக்கோபுரங்களைத்தான் காட்டுவார்கள். அரசரின் கல்வெட்டு, அரசரின் கல்லறை, அரசரின் நாட்காட்டி. உழுதவர்களின் வீடு மரக்கழியும் மண்ணும் பனையோலையுமாக இருந்ததால் அடையாளம் இல்லாமல் போயிற்று. விமானத்திலிருந்து லேசர் கதிர் செலுத்தி வட குவாத்தமாலாவின் காட்டை அளந்த முடிவுகள் 2018இல் வெளியானபோதுதான், யாருமில்லை என்று எண்ணிய இடங்களில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் மரத்தடியில் இருப்பது தெரியவந்தது.

ஆனால் ஒரே ஒரு சிற்றூர் தப்பியது. மாயர் உலகின் தென்விளிம்பில், இன்றைய எல் சால்வடாரில், ஹோயா டெ செரேன். கி.பி. 600ஐ ஒட்டி அருகிலிருந்த எரிமலை வெடித்துச் சாம்பல் பல மீட்டர் உயரத்துக்கு மூடியது. ஊரார் எப்படியோ ஓடித் தப்பிவிட்டார்கள் போலும். வீடுகளில் பிணம் இல்லை. ஓடியவர்கள் எதையும் எடுத்துப் போகவில்லை. 1976இல் தானியக் கிடங்கு கட்ட நிலத்தைச் சமன்செய்த புல்டோசர்தான் அந்த ஊரை முதலில் தொட்டது. பானைக்குள் பயறு இருந்தது. அடுக்களையில் மிளகாய் தொங்கியது. சாப்பிட்ட கிண்ணத்தில் விரலால் வழித்த தடம்கூட அப்படியே நின்றது. 2007இல் மரவள்ளிக்கிழங்குத் தோட்டம் ஒன்றையும் சாம்பலுக்கடியில் கண்டார்கள், பாத்தி பாத்தியாக.

அந்த அடுக்களை எனக்கு அந்நியமாக இல்லை. மிளகாய் அங்கிருந்துதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான், போர்த்துக்கீசியர் கப்பலில் நம் பக்கம் வந்தது. அதற்குமுன் தமிழனுக்குக் காரம் என்றால் மிளகு. மரவள்ளியும் அங்கே பிறந்தது. ஜப்பான் காலத்தில் அரிசி இல்லாதபோது கிள்ளான் தோட்டத்துத் தமிழரைக் காத்தது அந்தக் கிழங்குதான். அதைப் பற்றிக் கேட்டால் அப்பாயி பேச்சை மாற்றிவிடுவார். புக்கிட் கூடாவில் முரசு வெளிவந்த ஆண்டில், இந்தத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதையில் செத்திருந்தார்கள், மீந்தவர் வீட்டில் கிழங்கு வெந்தது. கிள்ளான் பசாரில் கூடைகூடையாக விற்கும் சிக்குப் பழமும் அந்த ஊர் மரம்தான். திக்கால் கோயில் வாசல்களில் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேலாக உளுக்காமல் நிற்கும் செதுக்கிய உத்தரங்கள் சிக்கு மரத்தில் செய்தவை. நம்மைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்த ரப்பர் மரம் பிரேசிலுடையது, மாயருடைய ரப்பர் வேறொரு மரத்தின் பால். ஆனாலும் மரத்துப் பாலை உறைய வைத்துப் பந்து உருட்டி விளையாடியவர்கள் அவர்கள். 1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் நாற்றுகள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே.

செரேன் வீடுகளில் இன்னொன்றும் இருந்தது. சோளம் அரைக்கும் கல். தட்டையான பெரிய கல், அதன்மேல் இரு கையாலும் உருட்டும் சிறிய கல். கவைக் கொம்புகளை நட்டு அவற்றின்மேல் கல்லை ஏற்றி வைத்திருந்தார்கள், குனிந்து முதுகு நோகாமல் அரைக்க. அந்தப் படத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து தானாகவே வந்த சொல் அம்மி. சோளத்தை அவர்கள் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து அரைத்தார்களாம்.

நம் பக்கத்திலும் அரசர்தான் முன்னால் நிற்கிறார். கடாரம், அதாவது கெடா, என்றாலே 1025இல் ராஜேந்திர சோழன் அனுப்பிய கப்பற்படைதான் பேச்சு. கெடாவுக்குச் சுற்றுலா போகும் நம்மவர் பூசாங் பள்ளத்தாக்கில் நின்று சோழனின் பெயரைச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெருமை இருக்கட்டும். ஆனால் 2009 முதல் சுங்கை பத்துவில் தோண்டிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் கண்டது உலைகளையும், உலைக்குக் காற்று ஊதும் சுட்டமண் குழாய்க் குவியல்களையும். ஆயிரக்கணக்கில் உடைந்த குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் துருத்தி ஊதிய ஒருவர் உண்டு. அவர் மலாய்க்காரரா, தமிழரா, வேறு யாரா என்று அந்தக் குழாய் சொல்லாது. எனக்கு அவரைத்தான் தெரிந்துகொள்ள ஆசை. அதே பள்ளத்தாக்கில், பதினொன்றாம் எண் கோயிலின் செங்கல் அடித்தளத்தை 2013இல் வீட்டுமனைக்காக நிலத்தைச் சமன்செய்தவர்கள் வாரிவிட்டார்கள். செரேனில் புல்டோசர் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. இங்கே புல்டோசர் எடுத்துக்கொண்டது. வண்டி ஒன்றுதான். அதை நிறுத்தி இறங்கிப் பார்த்த ஓட்டுநர் அங்கே இருந்தார்.

குவாட்டர்ஸ் வீட்டில் எங்கள் அம்மி பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கிடந்தது. கருங்கல். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தது என்று தாத்தா சொல்வார். தாத்தாவுக்கு எல்லாமே நாகப்பட்டினத்திலிருந்து வந்தவைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உளியும் சுத்தியலுமாக ஒருவர் சந்தில் கூவிக்கொண்டு வருவார். அம்மியைத் திருப்பி வைத்து, வழுவழுத்த முகத்தில் வரிசை வரிசையாகப் புள்ளி கொத்துவார். கல்தூள் முகத்தில் படிந்து அவர் புருவம் வெளுத்திருக்கும். கொத்திய அன்று முதல் அரைப்பு அரிசி, அடுத்து உப்பு, கழுவி ஊற்றிவிட வேண்டும். மூன்றாவது நாள்தான் மிளகாய். கொத்தக் கொத்தக் கல் தேய்ந்து நடுவில் பள்ளமாயிற்று. இரு ஓரங்கள் உயரமாகவும் நடு தாழ்வாகவும் ஒரு படகுபோல. குழவியும் நடுவில் மெலிந்து இரு முனையிலும் தடித்துவிட்டது. அப்பாயி, பிறகு அம்மா. இரண்டு பேரின் தோள்பட்டை தேய்த்த பள்ளம் அது. சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அம்மா இடக்கைக்காரி என்பதால்.

குவாட்டர்ஸைக் காலிசெய்யச் சொன்னபோது பக்கத்து வீடுகளில் எத்தனையோ அம்மிகளை வாசலிலேயே விட்டுப் போனார்கள். மாடிவீட்டுக்கு யார் தூக்குவது? மின்தூக்கி பாதிநாள் ஓடாது. அரைக்கும் இயந்திரம் 3 நிமிடத்தில் சட்னியைக் கொடுக்கிறது. அம்மியில் அதே சட்னிக்கு அரைமணி ஆகும். பெண்களுக்கு மிச்சமான அந்த நேரத்தை நான் குறைத்து எண்ணமாட்டேன். அந்த நேரத்தில்தான் என் தங்கை படித்து மருத்துவச்சியானாள். ஆனால் இடிபாட்டோடு அள்ளிப்போன கற்களை எங்கே கொட்டினார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. எங்கோ ஒரு சாலை அடித்தளத்தில், எங்கோ ஒரு நிரப்பிய பள்ளத்தில், நடுவில் குழிந்த கருங்கற்கள் ஐம்பதோ அறுபதோ முகம் கவிழ்ந்து கிடக்கும். பிற்காலத்தில் தோண்டுபவர்கள் அவற்றை எந்த விலங்கின் எலும்பு என்பார்களோ.

எங்கள் அம்மியை மட்டும் என் அண்ணனும் அவன் கூட்டாளி ஒருவரும் கயிறு கட்டித் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். இப்போது கிள்ளானில் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில், கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொத்துபவர் வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கிறது. மிளகாய் அரைத்தால் வழுக்கும்.

தைப்பூசத்துக்கு முந்திய நாள் போயிருந்தேன். அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து, ஊறவைத்த விரலிமஞ்சளை அந்தப் பள்ளத்தில் இட்டு, குழவியை இரு கையாலும் பிடித்திருந்தார். நான் அரைக்கிறேன் என்று வாங்கப் போனேன். உனக்கு வராது, அந்தப் பக்கமாகத் தள்ளணும் என்று இடப்பக்கத்தைக் கண்ணால் காட்டினார். குழவியைக் கொடுக்கவில்லை.